பட்டம் சொல்வழி கேட்காவிட்டால்: யாழ்ப்பாணக் கரையில் கைற் சேர்ஃபிங் கோளாறுகள்

கைற் சேர்ஃபிங் என்றால், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடுவது. என் வீட்டு விறாந்தைக்குத் திருத்த வருகிற இந்தப் பட்டங்களில் முக்கால்வாசி, கனடாவிலோ நோர்வேயிலோ யாரோ ஒரு மாமா பாவித்துவிட்டுப் பார்சலில் போட்டவை. பட்டம் வரும், அதைப் பிடித்து ஓட்டுகிற தடியான பார் வரும், பலகை வரும். சொல்லித்தர ஆள் மட்டும் பார்சலில் வராது. அதனால் வருசம் முழுக்க அதே ஏழெட்டுக் கோளாறுகளுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெடியள் போனில் சொல்கிற சொல்லையே தலைப்பாக வைத்து அவற்றை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கரைகிற காரணம் கடைசியில்.

அதற்கு முதல் ஒன்று. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முச்சை கட்டத் தெரியும், விண் பூட்டத் தெரியும், காற்று எப்போது மூச்சு வாங்கும் என்று தெரியும். இதெல்லாம் கடலிலும் உதவும். உதவாதது, "கயிற்றை விடாதே" என்று கைக்குள் ஊறிப்போன பழக்கம். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பலர் சேர்ந்து ஏற்றிய பெரிய பட்டத்தின் கயிற்றை மற்றவர்கள் விட்டுவிட, விடாத ஒருவர் அந்தரத்தில் தொங்கிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைற் சேர்ஃபிங்கில் பயம் வந்தவுடன் கை விட வேண்டும். கீழே வருகிற வைத்தியத்தில் பாதி இதுதான்.

"அண்ணை, கரையிலேயே என்னை இழுத்துக்கொண்டு போகுது"

ஆளை முடிக்கிற கோளாறு இதுதான். தண்ணீரில் விழுந்தால் நனைவோம். கரையில் இழுபட்டால் எதிரே பனை நிற்கும், கதியால் வேலி நிற்கும், மின்கம்பி போகும், வடக்குக் கரை என்றால் முருகைக்கல் கிடக்கும்.

இழுபடுகிற அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை மூன்று படி:

1. பாரை விடுங்கள். இரண்டு கையையும். பாரை நெஞ்சை நோக்கி இழுத்தால் இழுவை கூடும், விட்டால் குறையும். பயந்த கை எப்போதும் நெஞ்சுப் பக்கம்தான் இழுக்கும்.
2. இன்னும் இழுக்கிறதா? இடுப்பில் கட்டுகிற ஹார்னெஸில் பாரை மாட்டுகிற வளையம் சிக்கன் லூப். அதற்கு மேலே இருக்கிற, அவசரத்தில் கழற்றிவிடுகிற றிலீஸை வெளியே தள்ளுங்கள். பட்டம் ஒரேயொரு லைனில் கொடிபோலத் தொங்கிச் சோரும்.
3. அதற்குப் பிறகும் இழுத்தால், அந்த லைனை உங்களோடு கட்டிவைத்திருக்கிற லீஷின் றிலீஸ். பட்டம் போகட்டும். அது பனையில் கிழிந்தால் தைக்கலாம்.

வேலணைத் தீவின் சாட்டிக் கரையில் ஒரு பின்னேரம் தம்பி ஒருவன் இருபது அடி மணலில் உழுதுகொண்டு போனான். "விடு, விடு" என்று நான் கத்தியது கடற்கரை முழுக்கக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. நின்ற பிறகு பார்த்தால் முழங்கால் தோல் உரிந்து மணல் அப்பியிருந்தது, விரல்கள் பாரைச் சுற்றி வெள்ளையாக இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். "விட்டா பட்டம் போயிடும் எண்டு நினைச்சன் அண்ணை" என்றான்.

ஏன் இழுத்தது என்று பிறகு பார்க்கலாம்.

*தலைக்கு நேரே வைத்திருந்தீர்களா?* கரையில் நிற்கும்போது பட்டத்தைத் தலைக்கு மேலே நிறுத்திவைத்துக் கதை கேட்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஒரு வீச்சு வந்தால் ஆளை நேரே மேலே தூக்கும். கடல் பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தால் கடலுக்குள்தான் இழுக்கும்.

*ஏற்றிய இடம்?* பிடித்துக்கொடுப்பவர் கையில் பட்டம் படபடவென்று அடித்தால் நீங்கள் காற்று வருகிற பக்கமாக இரண்டு எட்டு நடக்க வேண்டும். அடிக்காமல் விம்மி அவரையே தள்ளினால் எதிர்ப்பக்கமாக, காற்று போகிற திசைக்கு நடக்க வேண்டும். பலர் மாற்றி நடக்கிறார்கள். உங்களிடமிருந்து காற்று போகிற பக்கத்தில் ஐம்பது மீற்றராவது வெறும் மணலோ தண்ணீரோ இல்லாத இடத்தில் ஏற்றவே வேண்டாம். லைன் நீளமே 20 முதல் 24 மீற்றர்.

*காற்றுக்குப் பெரிய பட்டமா?* காற்று இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. 75 கிலோ ஆளுக்கு 15 நொட்ஸ் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் சரியாக இருக்கிற 12 சதுர மீற்றர் பட்டம், 25 நொட்ஸில் ஆளைத் தின்னும். அப்போது 9 அல்லது 7 வேண்டும். மாமா அனுப்பியது ஒரு பட்டம்தான் என்றால், பல நாள் கரையில் இருந்து பார்ப்பதுதான் விளையாட்டு.

*மழை இருட்டியதா?* அடிவானத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால், அது வந்து சேருமுன் பட்டம் சுருட்டியிருக்க வேண்டும். முதலில் ஒரு வெறிக் காற்று, பிறகு மழை, பிறகு ஒன்றுமே இல்லாத அமைதி. மூன்றும் ஆகாது. இடி கேட்டால் கேள்வியே இல்லை.

ஆள் தேவைப்படுகிற கட்டம்: ஒருநாளும் படிக்காமல் பார்சலைப் பிரித்து நேரே கடலுக்குப் போகிறவர் என்றால் இப்போதே. கற்பிட்டியில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று நாள் பாடத்துக்குக் கொடுக்கிற காசு ஒரு எலும்பு முறிவை விடக் குறைவு.

"றிலீஸ் திறக்குதில்லை"

என்னிடம் வருகிற எந்தப் பட்டத்திலும் நான் முதலில் தொடுவது இதைத்தான். துணி கிழிந்திருந்தாலும் ஓடலாம், றிலீஸ் இறுகியிருந்தால் இறங்கக் கூடாது.

மணலும் உப்பும் காரணமாக இருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பத்துத் தரம் திறந்து மூடினால் சரியாகும். எண்ணெயோ கிறீஸோ பூசாதீர்கள், அடுத்த நாள் மணல் அதில் பாயாக ஒட்டியிருக்கும். கழுவியும் இறுக்கமா? ஹார்னெஸ் கொக்கியில் மாட்டி, பாரை ஒரு கம்பத்தில் கட்டி, உடம்புப் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்துவிட்டு ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். சும்மா கையில் வைத்துத் திறப்பது சோதனை இல்லை. பாரத்தோடு திறக்காவிட்டால் அந்தப் பகுதியை முழுதாக மாற்ற வேண்டும். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 21853 என்ற தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். 2020இல் வந்த தரம் அது, இந்த றிலீஸ்களுக்கென்றே எழுதப்பட்டது. பழைய பாரின் றிலீஸுக்கு வெல்டிங் கடைக்காரரிடம் கம்பி ஊசி போட்டு வாங்கிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு நான் பட்டம் திருத்திக் கொடுப்பதில்லை.

"பட்டம் ஒரு பக்கமாவே திரும்புது"

முச்சை கட்டியவர்களுக்கு இது விளங்கும். ஒரு பக்கக் கயிறு விரல் அகலம் நீண்டாலும் பட்டம் சாயும்.

லைன் மாறிக் கொழுவியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பாரிலிருந்து பட்டம் வரை விரல்களுக்கிடையில் லைனை ஓடவிட்டு நடந்து பாருங்கள். இது ஏற்றுமுன் பார்க்க வேண்டியது. மாறிக் கொழுவிய பட்டம் எழும்பியவுடன் சுழன்று குத்தும். அடுத்து, நாலு லைன் நுனிகளையும் ஒரு கம்பத்து ஆணியில் மாட்டி, எதிர்ப்பக்கம் பாரைச் சமமாக இழுத்துப் பிடியுங்கள். ஒரு லைன் தொய்ந்தால் அதுதான் நீண்டது. நுனிக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருப்பார்கள், ஒரு முடிச்சு மாற்றினால் போதும். லைன் நடுவில் தானாக விழுந்த முடிச்சு வேறு கதை. அதை ஊசியால் நெகிழ்த்தி அவிழ்க்க வேண்டும், அப்படியே விட்டால் அந்த இடத்தில்தான் அறும். எல்லாம் சரி, ஆனால் பட்டத்து முச்சையில் இருக்கிற சின்னக் கப்பி தேய்ந்து கயிற்றை அரித்திருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

"பின்னுக்குச் சரிஞ்சு விழுது"

பின் லைன் இறுக்கம். பாரை வெளியே தள்ளிப் பாருங்கள், முன் லைன்களைக் குறுக்குகிற ட்ரிம் பட்டியை இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் சரிவராவிட்டால் பாரம் தாங்கித் தாங்கி முன் லைன்கள் நீண்டிருக்கும், மேலே சொன்ன கம்பச் சோதனை. காற்றே போதாமலும் இருக்கலாம். கடலில் வெள்ளை நுரை பூக்கத் தொடங்கவில்லை என்றால் 12 நொட்ஸ் கூட இல்லை, வீட்டுக்குப் போங்கள்.

"நடுவில காத்துப் போகுது"

பட்டத்தின் முன்விளிம்பில் காற்று ஊதுகிற முன்குழாயில் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும். சுண்டினால் பூசணிக்காய் மாதிரிச் சத்தம் வர வேண்டும், தலையணை மாதிரி அமுங்கக் கூடாது.

வால்வு மூடியின் கீழ் ஒரு மணல் துகள் போதும் காற்றுப் போக. அதில்லை என்றால் சவர்க்காரத் தண்ணீர் பூசி முட்டை வருகிற இடம் பாருங்கள். உள்ளே இருக்கிற காற்றுப்பையான பிளாடரில் ஊசித் துளை இருந்தால் ஒட்டலாம், ஆனால் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசனால் அல்ல. இதைப் பத்துப் பேருக்காவது சொல்லிவிட்டேன். சைக்கிள் ரியூப் ரப்பர். இது வேறு பிளாஸ்ரிக், அந்தச் சொலூசன் இதில் பிடிக்காது. கையில் வைத்திருக்கும்போது ஒட்டியமாதிரித்தான் இருக்கும், வெயிலில் காற்று ஊதியவுடன் முனை கிளம்பி, அலைக்குள் ஒருநாள் முழுதாகப் பிரியும். இதற்கென்றே வருகிற ஒட்டுத் தாளை மாமாவிடம் ஒரு பக்கெற் அனுப்பச் சொல்லுங்கள்.

துணியில் விரல் நீளக் கிழிசல் என்றால் நைலோன் ஒட்டு நாடா போதும். முன்குழாயின் தையல் பிரிந்தால் ஊரில் இருக்கிற தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் ஊசி பிளாடரில் ஏறும், நூல் அந்த அழுத்தம் தாங்காது. அது பாய் தைக்கிற, பட்டம் தைக்கிற ஆளின் வேலை.

"அலைக்குள்ள விழுந்தது, எழும்புதில்லை"

வாடை வீசுகிற மாதங்களில் மணற்காட்டிலிருந்து தெற்கே வடமராட்சி கிழக்குக் கரையில் இறங்குகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். காற்று கரையை நோக்கி வரும், அலையும் வரும். கரையிலிருந்து அலை முறிகிற கோடு வரை உள்ள இடம்தான் பட்டத்தைத் தின்கிற வாய்.

கரையில் இருந்து பதினைந்து நிமிடமாவது அலையை எண்ணுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஒரு சோர்வு வரும். அந்தச் சோர்வில் இறங்கி, நிற்காமல், கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். முழங்கால் தண்ணீரில் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு தடுமாறுகிறவரைத்தான் அடுத்த அலை பிரட்டும்.

பட்டம் விழுந்துவிட்டது. முன்குழாய் தண்ணீரில் முகம் குப்புறக் கிடக்கிறதா? பாரை வெளியே விட்டு, ஒரு பக்கப் பின் லைனை மட்டும் மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். அது ஊர்ந்து ஊர்ந்து காற்றின் ஓரத்துக்குப் போய், அங்கே தானாக ஒரு காதை, அதாவது பக்க நுனியை, உயர்த்தும். அவசரப்பட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் அங்கேயே கிடக்கும்.

எழும்புமுன் அலை வருகிறதா? பட்டத்தை நோக்கி நீந்துங்கள். லைன் தொய்ய வேண்டும். லைன் விறைப்பாக இருக்கும்போது அலை பட்டத்தில் முறிந்தால் துணி கிழியும், இல்லையென்றால் நீங்கள் தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி இழுபடுவீர்கள்.

அலை பட்டத்தைப் புரட்டி, லைன் அதைச் சுற்றிக்கொண்டதா? அதை எழுப்பப் பார்க்காதீர்கள், அது எழும்பினாலும் சுழன்று குத்தும். றிலீஸைத் தள்ளுங்கள். லைன் காலைச் சுற்றினால் உதறாதீர்கள், உதறினால் இன்னும் இறுகும். ஹார்னெஸில் இருக்க வேண்டிய கொக்கிக் கத்தியால் அறுங்கள். லைனை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். இழுவை வந்தால் விரலை வெட்டும்.

பலகை போய்விட்டதா? போகட்டும். முதலில் பட்டம், பிறகு பலகை. பலகையைக் காலில் கயிறு போட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பின்னாலிருந்து சுண்டி வந்து தலையில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கட்டும். அலைக் கரையில் ஹெல்மெற் போடாமல் இறங்குகிறவரோடு நான் போவதில்லை.

கரைக்கு நீந்தியும் கரை தூரமாகிறதா? அது தண்ணீரின் இழுவை, பட்டத்தினது அல்ல. அலை முறியாமல் அமைதியாகத் தெரிகிற, கலங்கிய தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்தான் அது. எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக விலகுங்கள். பட்டம் மேலே இருந்தால் அதையே பக்கவாட்டில் இழுக்கவிட்டால் இன்னும் சுகம்.

"கரைக்கு வர ஏலாமல் கிடக்கு"

இதற்குக் காரணம் பெரும்பாலும் கரையிலேயே இருக்கும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. கசூரினா, கீரிமலை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை எல்லாம் வடக்குப் பார்த்த கரைகள். மே முதல் செப்ரெம்பர் வரை அங்கே காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதைப் பார்த்துத்தான் ஏமாறுவது. அடுத்த கரை இந்தியாவின் கொடிக்கரை, 50 கிலோமீற்றருக்கு மேல். அங்கே போய்ச் சேர்ந்தாலும் வரவேற்பு வேறு மாதிரி இருக்கும். சோளகத்துக்குத் தென்மேற்குப் பார்த்த தீவகக் கரைகளையும் கடல்நீரேரியையும் பாருங்கள்.

கடல்நீரேரியிலும் ஒரு கண் வேண்டும். முழங்கால் தண்ணீர் என்ற துணிவில் துள்ளி விழுந்தால் அடி தரைதான். மீன் பிடிக்க வலை கட்டி நட்ட களங்கட்டித் தடிகளில் லைன் சிக்கினால் பட்டமும் போகும், ஒரு குடும்பத்தின் வலையும் போகும். தடி நிற்கிற இடத்துக்குக் கிட்டப் போகாதீர்கள், அது மற்றவருடைய தொழில் இடம். காலில் சப்பாத்து.

காற்றுச் செத்துவிட்டது, பட்டம் தண்ணீரில், கரை தூரம். அப்போது:

றிலீஸைத் தள்ளுங்கள். லீஷில் இருக்கிற அந்த ஒற்றை லைனைப் பிடித்துப் பார் வரை போங்கள். அந்த லைனையே முதலில் பாரில் சுற்றுங்கள், குறைந்தது பத்து மீற்றர். இதைச் செய்யாமல் நாலையும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கினால் பட்டம் திடீரென்று விறைத்து எழும்பும். சுற்றியதை ஒரு சுருக்கால் பூட்டிவிட்டு மிச்சத்தைச் சுற்றிக்கொண்டு பட்டத்தை அடையுங்கள். காற்றை இறக்காதீர்கள். முன்குழாயைக் கட்டிப்பிடித்து, ஒரு காதைப் பாய் மாதிரி உயர்த்தினால் கரைப்பக்கக் காற்றில் தள்ளிக்கொண்டு போகும். காற்று வெளியே தள்ளினால் படகு வரும்வரை அதன் மேல் கிடவுங்கள். பட்டத்தை விட்டுவிட்டு நீந்தி வருகிறேன் என்று புறப்படாதீர்கள். அலைக்குள் ஒரு தலையைத் தேடுவது கடினம், சிவப்புப் பட்டம் தூரத்திலேயே தெரியும். லைன் கழுத்தில் விழுகிறது, பட்டமே உங்களை வெளியே இழுக்கிறது என்றால் மட்டும் முழுதாக விட வேண்டும்.

இதை வீட்டில் படித்துக் கடலில் செய்ய முடியாது. ஆறு தரமாவது இடுப்புத் தண்ணீரில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

படகு வர வேண்டும் என்றால் யார் கூப்பிடுவது? இறங்குமுன் கரையில் தொழிலுக்குப் போகிற அண்ணை ஒருவரிடம், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு, அவர் நம்பரைக் கரையில் நிற்கிறவர் போனில் போட்டுவிடுங்கள். எண்ணெய்க் காசு கொடுக்கிறேன் என்றும் சொல்லுங்கள். கரையில் ஒருவரும் நிற்காத நாளில் இறங்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி தாண்டினால் கரையில் நிற்கிறவர் படகுக்கும் பொலிஸின் 119க்கும் பேச வேண்டும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நிற்கக் கூடாது.

"பட்டம் சரி, ஆள்தான் சரியில்லை"

தலை, கழுத்து, முதுகில் அடி என்றால் ஆளைத் தூக்கி நிறுத்தாதீர்கள். கிடந்தபடியே கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடியுங்கள். தண்ணீர் குடித்து எழும்பியவர் சிரித்துக் கதைத்தாலும், இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரி. திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு போகலாம். முள் ஆழமாக நின்றால் பிடுங்காதீர்கள்.

அம்புலன்ஸ்காரருக்குக் கடற்கரையில் வீட்டு இலக்கம் சொல்ல முடியாது. மணற்காடு என்றால் மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைச் சொல்லுங்கள், சாட்டி என்றால் வீதி கரைக்குத் திரும்புகிற இடத்தைச் சொல்லுங்கள். நிற்கிறவர்களில் ஒருவரை உடனே அந்தச் சந்திக்கு அனுப்புங்கள், கையில் ஏதாவது நிறத் துணியோடு. சுருட்டாத பட்டத்தை முதலில் ஒருவர் மணல் போட்டு அமத்தட்டும், கொஞ்சம் காற்று வந்தால் அது கிடக்கிறவர் மேல் ஏறும்.